காண்டம் கிழிந்துவிட்டதா? கர்ப்ப வாய்ப்பைக் கணக்குப் பார்க்க ஒரு வழிகாட்டி

காண்டம் கிழிந்திருப்பதைக் கவனித்தபோது இரவு பதினொன்றே கால். அடுத்த மூன்று வாரத்தில் நான் செய்தவற்றில் பாதி வீண், மீதி தாமதம். நாளைத் தப்பாக எண்ணினேன். மாத்திரையை அறுபது மணி நேரம் கழித்துப் போட்டேன். ஆறாம் நாளே டெஸ்ட் செய்து, இரண்டாவது கோடு வரவில்லை என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். அப்புறம் சந்தேகம் வந்து எட்டாம் நாள் ஒன்று, பத்தாம் நாள் ஒன்று. அந்த மூன்று டெஸ்டுக்கும் எந்த அர்த்தமும் இல்லை என்று அப்போது எனக்குத் தெரியாது. மாதவிடாய் எட்டு நாள் தள்ளி வந்தது. அந்த எட்டு நாளில் நான் தூங்கியது கொஞ்சம்தான்.

இதைப் படிக்கும் நீங்களும் ஒருவேளை இப்போது அதே நிலையில் இருக்கலாம். "நான் கர்ப்பமா இல்லையா?" என்ற கேள்விக்கு இன்று உலகில் யாராலும் பதில் சொல்ல முடியாது. எந்த மருத்துவராலும், எந்த ரத்தப் பரிசோதனையாலும் முடியாது. இன்று பதில் கிடைக்கக்கூடிய கேள்விகள் வேறு: எத்தனை மணி நேரம் ஆகியிருக்கிறது? மாதவிடாய்ச் சுழற்சியில் இது எத்தனையாவது நாள்? எந்தத் தேதியில் டெஸ்ட் செய்தால் நம்பலாம்? இந்த மூன்றையும் வரிசையாகப் பார்ப்போம்.

1. முதலில் ஒரு தாளை எடுங்கள்

போனில் தேட ஆரம்பிப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். பிறகு மருந்துக்கடையிலும் கிளினிக்கிலும் உங்களிடம் கேட்கப்போவது இவைதான். எழுதி வைக்க வேண்டியவை:

– கடைசி மாதவிடாய் தொடங்கிய தேதி. முடிந்த தேதி வேண்டாம், தொடங்கிய தேதி.
– முடிந்தால் அதற்கு முந்தைய மூன்று நான்கு மாதங்களின் தொடக்கத் தேதிகள்.
– உறவு நடந்த தேதியும் நேரமும். அதே சுழற்சியில் பாதுகாப்பில்லாமல் வேறு முறை நடந்திருந்தால் அதுவும்.
– என்ன நடந்தது: காண்டம் கிழிந்ததா, கழன்றதா, எதுவுமே போடவில்லையா, தினசரி கருத்தடை மாத்திரையில் எத்தனை விட்டுப்போனது.
– இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளும், உங்கள் எடையும்.

கடைசி வரி எதற்கு என்று தோன்றலாம். அடுத்த பகுதியில் தெரியும்.

கிளினிக்கில் உட்கார்ந்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்ப பீரியட்ஸ் ஆரம்பிச்சுது?" நான் போனைத் திறந்து, பழைய வாட்ஸாப் செய்திகளில் "வயிறு வலிக்குது, இன்னைக்கு நான் வரல" என்று தோழிக்கு அனுப்பியதைத் தேடிக் கண்டுபிடித்துத்தான் தேதியைச் சொன்னேன். உங்களுக்கும் நினைவில்லை என்றால் இது மோசமான வழி இல்லை. செய்திகள், நாப்கின் வாங்கிய ரசீது, விடுப்பு எடுத்த நாள் என்று ஏதாவது ஒன்று கைகொடுக்கும்.

2. 120 மணி நேரம் தாண்டவில்லையா? கணக்கை அப்புறம் பாருங்கள்

நான் செய்த பெரிய தவறு இதுதான். "இது பாதுகாப்பான நாளா?" என்று ஆராய்வதிலேயே இரண்டு நாளைத் தொலைத்தேன். கர்ப்பம் வேண்டாம் என்பது உங்கள் முடிவானால், வாய்ப்பு குறைவு என்று நினைத்தாலும் அவசரக் கருத்தடையை முதலில் பாருங்கள். வழி மூன்று.

லெவோநார்ஜெஸ்ட்ரெல் மாத்திரை, 1.5 மி.கி. பெரும்பாலான மருந்துக்கடைகளில் கிடைப்பது இது. 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பார்கள். அதைக் கெடு என்று எடுத்துக்கொண்டு மூன்றாம் நாள் வரை காத்திருக்காதீர்கள். 12-ஆவது மணி நேரத்தில் போடுவதும் 70-ஆவது மணி நேரத்தில் போடுவதும் ஒன்றல்ல. முன்னதாகப் போடப்போட நல்லது. சில அட்டைகளில் 0.75 மி.கி. மாத்திரை இரண்டு இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் விழுங்கலாம்.

யூலிப்ரிஸ்டால் அசிடேட், 30 மி.கி. 120 மணி நேரம், அதாவது ஐந்து நாள் வரை. கருமுட்டை வெளிவரும் நாளுக்கு மிக அருகில் இருப்பவர்களுக்கு முதல் மாத்திரையைவிட இது நன்றாக வேலை செய்யும். சில நாடுகளில் இதற்கு மருத்துவர் சீட்டு வேண்டும், எல்லாக் கடைகளிலும் இருக்காது.

காப்பர்-டி, கருப்பைக்குள் பொருத்தும் சிறிய கருவி. மூன்றில் மிக நம்பகமானது இதுதான். ஐந்து நாளுக்குள் பொருத்தினால், பிறகும் கர்ப்பமாகிறவர்கள் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. எடுக்கும் வரை பல வருடத்துக்குக் கருத்தடையாகவும் இருக்கும். பயிற்சி பெற்றவர்தான் பொருத்த வேண்டும் என்பதால் அன்றே இடம் கிடைப்பதுதான் சிரமம். போன் செய்யும்போது "அவசரக் கருத்தடைக்கு" என்ற வார்த்தையைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரத்துக்கு நேரம் கொடுத்துவிடுவார்கள்.

மாத்திரைகள் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கருமுட்டை வெளிவருவதை அவை தள்ளிப் போடுகின்றன, அவ்வளவுதான். விந்தணு காத்திருந்து காத்திருந்து செத்துப்போகும். ஆனால் முட்டை ஏற்கெனவே வெளிவந்துவிட்டது என்றால் மாத்திரையால் ஒன்றும் செய்ய முடியாது. அவசரம் என்று பேர் வைத்ததே அதனால்தான். இது கருக்கலைப்பு மாத்திரை கிடையாது. ஏற்கெனவே கர்ப்பமாக இருந்தாலும் அதைக் கலைக்காது, கருவுக்குக் கெடுதலும் செய்யாது.

இங்கே விழக்கூடிய குழிகள் பல.

கடையில் "அந்த மாத்திரை" என்று கூச்சப்பட்டுக் கேட்காதீர்கள். கருக்கலைப்புக்கான மருந்துகள் மிஃபெப்ரிஸ்டோனும் மிசோப்ரோஸ்டாலும். அவை வேறு, இது வேறு. மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி நீட்டிவிடுங்கள். அட்டையைத் திருப்பி அதே பெயர்தானா, காலாவதி ஆகவில்லையா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

எடை 70 கிலோவுக்கு மேல், அல்லது பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் குறியீடு) 26-க்கு மேல் என்றால் லெவோநார்ஜெஸ்ட்ரெலின் பலன் குறையலாம். காப்பர்-டியோ யூலிப்ரிஸ்டாலோ கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் இரட்டை அளவு போடுவது பற்றி மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேளுங்கள்.

காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடோயின், கார்பமசெபின், எச்ஐவிக்கான எஃபாவிரென்ஸ் போன்ற மருந்துகளைச் சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டு மாத்திரைகளின் பலனும் குறையும். தாளில் மருந்துகளை எழுதச் சொன்னது இதற்குத்தான்.

விழுங்கிய இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் இன்னொரு மாத்திரை போட வேண்டியிருக்கும். காலிவயிற்றில் போட்டுவிட்டுப் பயத்தில் வாந்தி எடுத்த அனுபவம் எனக்கு உண்டு. நல்லவேளை, அது நாலாவது மணி நேரம்.

பாலூட்டும் தாய் லெவோநார்ஜெஸ்ட்ரெல் போடலாம். யூலிப்ரிஸ்டால் போட்டால் ஒரு வாரம் தாய்ப்பாலைப் பிழிந்து கொட்டிவிட வேண்டும். யூலிப்ரிஸ்டால் போட்டவர் தினசரிக் கருத்தடை மாத்திரையை உடனே ஆரம்பிக்கவும் கூடாது. ஐந்து நாள் பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும்.

கடைசியாக, பலர் கவனிக்காமல் விடுவது: மாத்திரை நடந்து முடிந்த உறவுக்கு மட்டும்தான். முட்டை தள்ளிப்போயிருக்கிறதே தவிர, போய்விடவில்லை. மூன்று நாள் கழித்து மறுபடி பாதுகாப்பில்லாமல் உறவு நடந்தால், தள்ளிப்போன அந்த முட்டை சரியாக அப்போது வந்து நிற்கலாம். அடுத்த மாதவிடாய் வரும் வரை காண்டம் இல்லாமல் வேண்டாம்.

இதே மூன்று நாள் இன்னொன்றுக்கும் கெடு. இணையின் எச்ஐவி நிலை தெரியாது, ஆபத்து இருக்கலாம் என்றால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்க வேண்டும். 28 நாள் சாப்பிட வேண்டியிருக்கும். கர்ப்பக் கவலையில் இது மறந்தே போய்விடும். உறவு உங்கள் விருப்பமின்றி நடந்தது என்றால், நேராக மருத்துவமனைக்குப் போங்கள். அவசரக் கருத்தடை, எச்ஐவி தடுப்பு, காயத்துக்குச் சிகிச்சை எல்லாம் ஒரே இடத்தில் கேட்கலாம். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை அப்புறம் முடிவு செய்துகொள்ளலாம். முடிந்தால் குளிக்காமல், அன்று போட்டிருந்த துணியைத் துவைக்காமல் போங்கள். குளித்துவிட்டீர்கள் என்றாலும் பரவாயில்லை, போங்கள்.

3. வாய்ப்பு எவ்வளவு? நாள் எண்ணும் முறை

சரி, செய்ய வேண்டியதைச் செய்தாகிவிட்டது, அல்லது ஐந்து நாள் தாண்டிவிட்டது. இப்போது கணக்கு.

அடிப்படை மூன்றே வரி. வெளிவந்த கருமுட்டை 12 முதல் 24 மணி நேரம்தான் உயிரோடிருக்கும். விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை காத்திருக்கும். ஆகவே ஒரு சுழற்சியில் கர்ப்பம் தரிக்கக்கூடிய நாட்கள் ஆறு: முட்டை வெளிவரும் நாளும், அதற்கு முந்தைய ஐந்து நாளும். முட்டை வந்த பிறகு நடக்கும் உறவைவிட அதற்கு முந்தைய இரண்டு நாளில் நடப்பதுதான் அதிக ஆபத்து என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

முட்டை எப்போது வெளிவரும்? "பதினான்காம் நாள்" என்று எல்லாரும் சொல்வார்கள். அது 28 நாள் சுழற்சிக்கு மட்டும் ஓரளவு பொருந்தும். சுழற்சியின் முன்பாதி நீளும், சுருங்கும். பின்பாதிதான் ஏறக்குறைய நிலையானது, சுமார் 14 நாள். எனவே முன்னாலிருந்து எண்ணாமல், அடுத்த மாதவிடாய் வர வேண்டிய தேதியிலிருந்து 14 நாள் பின்னோக்கி எண்ணுங்கள்.

ஓர் உதாரணம். மாதவிடாய் 1-ஆம் தேதி தொடங்கியது, சுழற்சி 28 நாள். அடுத்தது 29-ஆம் தேதி. 14 குறைத்தால் 15. அதுதான் முட்டை வெளிவரும் உத்தேச நாள். ஆபத்தான நாட்கள் 10 முதல் 15 வரை. அதே தேதியில் தொடங்கிய இன்னொரு பெண்ணுக்கு 35 நாள் சுழற்சி என்றால்? அடுத்தது 36-ஆம் நாள், முட்டை 22-ஆம் நாள், ஆபத்தான நாட்கள் 17 முதல் 22 வரை. முதல் பெண்ணுக்குப் பயமில்லாத நாள் இரண்டாம் பெண்ணுக்கு உச்ச ஆபத்து. தோழியின் கணக்கை நீங்கள் கடன் வாங்கக் கூடாது என்பது இதனால்தான்.

மாதாமாதம் சுழற்சி மாறுகிறது என்றால் பழைய முறை ஒன்று இருக்கிறது. மிகக் குறைந்த சுழற்சியிலிருந்து 18-ஐக் கழியுங்கள். மிக நீண்டதிலிருந்து 11-ஐக் கழியுங்கள். உங்கள் சுழற்சி 26 நாளிலிருந்து 32 நாள் வரை மாறும் என்றால், 8-ஆம் நாளிலிருந்து 21-ஆம் நாள் வரை ஆபத்து. ஏறக்குறைய பாதி மாதம்! பார்க்கவே சலிப்பாக இருக்கும், ஆனால் நேர்மையான கணக்கு அதுதான்.

இனி சதவீதம். 1995-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, குழந்தைக்கு முயன்ற 221 பெண்களைத் தொடர்ந்து கவனித்தது. முட்டை வெளிவருவதற்கு ஐந்து நாள் முன்னால் நடந்த உறவில் கருத்தரிக்கும் வாய்ப்பு சுமார் 10 சதவீதம். முட்டை வெளிவரும் நாளில் 33 சதவீதம். அந்த ஆறு நாளுக்கு வெளியே ஒரு கர்ப்பமும் இல்லை. அதே தரவிலிருந்து பிறகு இன்னொரு கணக்குப் போட்டார்கள்: முட்டை வெளிவரும் நாள் தெரியாது, சுழற்சி நாள் மட்டும்தான் தெரியும் என்றால்? ஏதோ ஒரு நாளில் நடந்த ஒரு முறை உறவுக்குச் சராசரி வாய்ப்பு சுமார் 3 சதவீதம். உச்சம் 13-ஆம் நாள் வாக்கில், அப்போது 9 சதவீதத்தை நெருங்குகிறது.

33 எங்கே, 9 எங்கே என்று குழம்ப வேண்டாம். முதல் எண், முட்டை வெளிவரும் நாள் உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு. இரண்டாவது, காலண்டரை மட்டும் வைத்திருக்கும் நமக்கு. பதின்மூன்றாம் நாளில் ஒருவருக்கு முட்டை வெளிவரலாம், இன்னொருவருக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கலாம். எல்லாரையும் சேர்த்துச் சராசரி எடுப்பதால் எண் சிறிதாகிறது.

ஒரே முறைக்கு 3 சதவீதம்தானே என்று தைரியமும் வேண்டாம். எந்தத் தடுப்பும் இல்லாமல் ஒரு வருடம் வாழும் நூறு ஜோடிகளில் சுமார் 85 ஜோடிகளுக்குக் கர்ப்பம் தரிக்கிறது. சிறிய எண்கள் கூடிக்கொண்டே போகும்.

என் கணக்கு எங்கே தப்பியது என்றால், உதிரம் நின்ற மறுநாளை முதல் நாளாக எடுத்துக்கொண்டேன். "எட்டாம் நாள்தானே" என்று இருந்தேன். உதிரம் இருந்த ஐந்து நாளைச் சேர்த்தால் அது பதின்மூன்றாம் நாள். உச்சத்திலேயே உட்கார்ந்துகொண்டு பாதுகாப்பான நாள் என்று நினைத்திருக்கிறேன். இந்தப் பிழையை என்னைப் போலவே செய்தவர்கள் நிறைய என்று பிறகு தெரிந்தது. உதிரம் தெரிந்த முதல் நாள்தான் முதல் நாள்.

4. கணக்கை ஏமாற்றும் சங்கதிகள்

விந்து வருவதற்குள் வெளியே எடுத்துவிட்டோமே. இந்த முறையை மட்டும் நம்பி ஒரு வருடம் இருக்கும் நூறு பேரில் நடைமுறையில் சுமார் 20 பேர் கர்ப்பமாகிறார்கள். ஒருவருக்கும் சரியான நொடி எப்போதும் வாய்ப்பதில்லை. முன்னதாகக் கசியும் திரவத்திலும் சில ஆண்களுக்கு விந்தணு இருக்கிறது. ஒன்றுமே செய்யாததற்கு இது மேல், அவ்வளவுதான்.

கழுவிவிட்டேன், உடனே சிறுநீர் கழித்தேன், எழுந்து குதித்தேன். விந்தணு சில நிமிடங்களிலேயே கருப்பை வாய்க்குள் போய்விடும். சிறுநீர் வரும் வழியும் வேறு. உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது தொற்றைத்தான் கொண்டுவரும்.

மாதவிடாய் நாளில்தான் நடந்தது. பெரும்பாலும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் 22, 23 நாளில் சுழற்சி முடிந்துவிடும் பெண்களுக்கு எட்டு ஒன்பதாம் நாளிலேயே முட்டை வெளிவரலாம். ஐந்தாம் நாள் உள்ளே போன விந்தணு அது வரை காத்திருக்கும். இன்னொன்று, நடுவில் வரும் லேசான உதிரக்கறையை மாதவிடாய் என்று தப்பாக எடுத்துக்கொண்டால் மொத்தக் கணக்கும் புரண்டுவிடும்.

போனில் இருக்கும் ஆப். "இன்று வாய்ப்பு குறைவு" என்று அது பச்சை நிறத்தில் காட்டும். உங்கள் உடம்புக்குள் அது எட்டிப் பார்க்கவில்லை. நீங்கள் கொடுத்த பழைய தேதிகளின் சராசரியைத்தான் திருப்பிச் சொல்கிறது. தேதிகளைக் குறித்து வைக்க நல்ல கருவி, ஜோசியம் பார்க்க வேண்டாம். அன்று வெள்ளைப்படுதல் எப்படியிருந்தது என்று நினைவிருக்கிறதா? பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போல வழுவழுப்பாக, விரலிடையில் இழுத்தால் நூலாக நீண்டிருந்தால் முட்டை வெளிவரும் நேரம் பக்கத்தில் இருக்கிறது. எனக்குத் தெரிந்து ஆப்பைவிட இது நம்பகம்.

பாலூட்டுகிறேன். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகவில்லை, தாய்ப்பால் மட்டும்தான், மாதவிடாய் திரும்பவில்லை என்ற மூன்றும் சேர்ந்திருந்தால் சுமார் 98 சதவீதப் பாதுகாப்பு. மூன்றில் ஒன்று போனாலும் அந்தக் கணக்கு செல்லாது. முதல் மாதவிடாய் வருவதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே முட்டை வந்துவிடும் என்பதால் "இன்னும் பீரியட்ஸே வரலையே" என்பது சமாதானம் ஆகாது. பாலூட்டாதவர்களுக்குப் பிரசவமான மூன்று வாரத்திலேயே கருத்தரிக்கும் வாய்ப்பு உண்டு. கருச்சிதைவுக்குப் பிறகு இன்னும் சீக்கிரம்.

வயது நாற்பதுக்கு மேல். வாய்ப்பு குறையும், பூஜ்யம் ஆகாது. மாதவிடாய் ஒழுங்கில்லாமல் வரும் அந்த வருடங்களில்தான் நாள் கணக்கு கொஞ்சமும் உதவாது.

5. டெஸ்ட்: எந்தத் தேதி, எப்படி

முட்டையும் விந்தணுவும் சேர்ந்த உடனே உடம்புக்குத் தகவல் போவதில்லை. கரு மெல்ல நகர்ந்து வந்து கருப்பையில் பதிய வேண்டும். முட்டை வெளிவந்த ஆறாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள், பெரும்பாலானவர்களுக்கு எட்டு முதல் பத்தாம் நாளில், இது நடக்கும். பதிந்த பிறகுதான் எச்சிஜி என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது. கிட் தேடுவது அதைத்தான். என் ஆறாம் நாள் டெஸ்ட் ஏன் வீண் என்று இப்போது புரிந்திருக்கும்.

தாளில் இரண்டு தேதிகளைக் குறியுங்கள். ஒன்று, மாதவிடாய் வர வேண்டிய நாளுக்கு மறுநாள். இரண்டு, உறவு நடந்து 21 நாள் ஆகும் தேதி. முதல் தேதியில் பார்க்கலாம், பாசிட்டிவ் வந்தால் நம்பலாம். நெகட்டிவ் வந்தால் முழுதாக நம்பாமல் இரண்டாம் தேதி வரை பொறுங்கள். சுழற்சி ஒழுங்கில்லாதவர்களும் அவசர மாத்திரை போட்டவர்களும் முதல் தேதியை மறந்துவிடலாம், 21-ஆம் நாள்தான் கணக்கு. நடுவில் மறுபடி பாதுகாப்பில்லாத உறவு நடந்திருந்தால் கடைசியாக நடந்ததிலிருந்து எண்ண வேண்டும்.

செய்முறை கிட் அட்டையிலேயே இருக்கும். மூன்று விஷயம் மட்டும் சொல்கிறேன். காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீர்தான் நல்லது. நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுச் செய்தால் ஹார்மோன் நீர்த்துப்போய்க் கோடு வராமல் போகலாம். அட்டையில் சொன்ன நிமிடத்தில் பாருங்கள், பத்து நிமிடம் தாண்டிய பிறகு பார்க்காதீர்கள். காய்ந்த பட்டையில் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் கோடு தெரியும். அது பாசிட்டிவ் இல்லை. நான் குப்பைத்தொட்டியிலிருந்து கிட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, அந்த நிழலுக்காக ஒரு மதியம் முழுவதும் அழுதிருக்கிறேன். சொன்ன நேரத்துக்குள் நிறத்தோடு வரும் கோடு, எவ்வளவு மங்கலாக இருந்தாலும், அதுதான் பாசிட்டிவ்.

அறிகுறிகளை வைத்து முடிவு செய்ய வேண்டாம். மார்பு வலி, களைப்பு, வயிற்றுப் பிசைவு எல்லாம் மாதவிடாய்க்கு முன்னும் வரும், கர்ப்பத்திலும் வரும், அவசர மாத்திரையாலும் வரும், கவலையாலும் வரும்.

6. செலவு எங்கே ஆகும், எங்கே தேவையில்லை

மலிவான பட்டை கிட்டும் விலை அதிகமான பேனா வடிவக் கிட்டும் தேடுவது ஒரே ஹார்மோனைத்தான். விலைக்கு நீங்கள் வாங்குவது பிளாஸ்டிக் உறையும் வசதியும். மலிவானதில் இரண்டு வாங்கி, குறித்த இரண்டு தேதிக்கும் ஒவ்வொன்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வாங்கினால் வீட்டில் இருக்கும், இருந்தால் கை சும்மா இருக்காது.

ரத்தப் பரிசோதனை சில நாள் முன்னதாகவே காட்டும், ஆனால் செலவு பல மடங்கு. 21-ஆம் நாள் சிறுநீர் டெஸ்ட் தெளிவாக இருந்தால் அது தேவைப்படாது. தேதியே தெரியாதபோதும், முடிவில் சந்தேகம் இருக்கும்போதும், வலியோ உதிரப்போக்கோ இருக்கும்போதும் அது பயன்படும். பயத்தில் முதல் வாரமே ஸ்கேனுக்கு ஓடுவது சுத்த வீண். கர்ப்பமாக இருந்தாலும் கடைசி மாதவிடாயிலிருந்து ஐந்து வாரம் ஆவதற்கு முன் திரையில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது.

முன்கூட்டிச் செலவு செய்ய ஒன்று உண்டென்றால், ஓர் அவசர மாத்திரையை வாங்கி வீட்டில் வைத்திருப்பது. இரவு பதினொன்றே காலுக்குக் கடை தேடி அலைய வேண்டியிருக்காது. பல ஊர்களில் அரசுக் கிளினிக்குகளிலும் குடும்பக் கட்டுப்பாட்டு மையங்களிலும் இலவசமாகவே கொடுக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

7. நாள் தள்ளிப் போகிறது, டெஸ்டும் நெகட்டிவ்

என் கதை இதுதான். அவசர மாத்திரை போட்ட மாதத்தில் மாதவிடாய் ஒரு வாரம் முன்னாலோ பின்னாலோ வருவது சகஜம். முட்டையைத் தள்ளிப் போட்டோம் அல்லவா, அதன் பின்னால் வர வேண்டிய மாதவிடாயும் கூடவே தள்ளிப் போகிறது. கவலை, காய்ச்சல், தூக்கமின்மை, உடல் எடை மாற்றம், தைராய்டு, பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இவையும் தள்ளிப் போடும்.

வர வேண்டிய நாளிலிருந்து ஏழு நாள் தாண்டினால் டெஸ்ட் செய்யுங்கள். நெகட்டிவ் என்றால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. அதுவும் நெகட்டிவ், மாதவிடாயும் வரவில்லை என்றால், கர்ப்பம் என்பதைத் தாண்டி வேறு காரணம் தேட வேண்டிய நேரம். தாளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். வந்த மாதவிடாய் வழக்கத்தைவிட மிகக் குறைவாக, ஓரிரு நாள் கறையாக மட்டும் இருந்தாலும் ஒரு டெஸ்ட் செய்துவிடுங்கள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் சிலருக்கு அப்படிக் கறை படுவதுண்டு.

இதைப் படிப்பவர் ஆண் என்றால்: "வந்துச்சா, வந்துச்சா" என்று தினமும் காலையில் கேட்பதால் ஒரு பயனும் இல்லை. கடைக்குப் போய் மாத்திரை வாங்குவது, 21-ஆம் நாளைத் தன் போனிலும் குறித்து வைப்பது, கிளினிக்குக்குக் கூட வருவது, இவற்றில் பயன் உண்டு.

8. பாசிட்டிவ் வந்தால்

கிட்டில் பாசிட்டிவ் பொய்யாக வருவது அரிது. உறுதிப்படுத்த மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

அங்கே ஒரு அதிர்ச்சி காத்திருக்கும். உறவு நடந்து மூன்று வாரம்தான் ஆகியிருக்கும், மருத்துவர் "ஐந்து வாரம்" என்பார். அவர் தப்பாகச் சொல்லவில்லை. கர்ப்பத்தின் வாரங்களைக் கடைசி மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்துதான் எண்ணுவார்கள். முட்டையே வெளிவராத முதல் இரண்டு வாரமும் கணக்கில் சேரும். மாதவிடாய் வர வேண்டிய நாளன்றே நீங்கள் "நான்கு வாரக் கர்ப்பம்". இது தெரியாமல், தேதி பொருந்தவில்லையே என்று வீட்டில் சந்தேகமும் சண்டையும் வந்துவிடுகின்றன.

தொடர்வதானாலும் வேண்டாம் என்பதானாலும் இந்த வார எண்ணிக்கை முக்கியம். வேண்டாம் என்றால், அதற்கான கால வரம்பும் சட்டமும் நாட்டுக்கு நாடு வேறு, பெரும்பாலும் இதே எண்ணிக்கையில்தான் பார்ப்பார்கள். சீக்கிரம் போனால் வழிகள் அதிகம், முறை எளிது, செலவும் குறைவு. மருந்தைத் தானாக வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். தொடர்வது என்றால் ஃபோலிக் அமிலம், தினமும் 400 மைக்ரோகிராம், அன்றே ஆரம்பிக்கலாம்.

கருப்பையில் பதியாமல் கருக்குழாயிலேயே பதிந்துவிடும் கர்ப்பமும் உண்டு. கிட் இரண்டையும் பாசிட்டிவ் என்றுதான் காட்டும், வித்தியாசம் சொல்லாது. அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றி மயக்கம் வருவது, அதோடு உதிரப்போக்கு, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். டெஸ்ட் பாசிட்டிவ் என்பதை உள்ளே நுழைந்ததும் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.